மெட்ரிக் பிசிக்கல் சயின்ஸ்: நாள் குறைவாக இருக்கையில் மதிப்பெண் எங்கே ஒழுகுகிறது?

தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கில், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடம்தான் பிசிக்கல் சயின்ஸ். அதற்கு முன்னோட்டமாகச் செப்டம்பரில் நடக்கும் ட்ரயல் தேர்வின் மதிப்பெண் கைக்கு வந்த பிறகுதான் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பகுதிகளில் டியூஷன் தேடும் படலம் தொடங்குகிறது. வரும் மாணவரும் உடன் வரும் பெற்றோரும் ஆண்டுதோறும் சொல்வது ஒன்றுதான்: "சயின்ஸில் ஒன்றுமே தெரியவில்லை." விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. தெரிந்ததையே எழுதத் தவறியிருப்பார்கள், கேட்காததை எழுதியிருப்பார்கள், அல்லது கால்குலேட்டர் கெடுத்திருக்கும். பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிப்பது இந்தக் குறைகளில் எதையும் தீர்க்காது. ஆகவே கீழே பாடவாரியாக அல்லாமல், நோய்க்கு அறிகுறி பார்ப்பதுபோலக் குறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு குறியின் கீழும் காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், நேரமோ பணமோ செலவாகும் காரணம் கடைசியிலும் வருகின்றன.

எந்தக் குறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் மெமோக்களும் (விடைகளும் மதிப்பெண் பங்கீடும் உள்ள திருத்தக் குறிப்புகள்) இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு முதல் தாளை அச்செடுத்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். மின்வெட்டு வரக்கூடிய ஊரில் திரையை நம்பித் தேர்வு எழுதிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அச்செடுக்கச் சொல்கிறேன்.

பிறகு மெமோவை வைத்துத் தாமே திருத்த வேண்டும். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே ஓரத்தில் ஓர் எழுத்தைக் குறிக்கவும்: பாடமே தெரியாததற்கு "தெ", கேள்வியைத் தவறாக வாசித்ததற்கு "வா", கணக்கிலோ அலகிலோ கூட்டல் கழித்தல் குறியிலோ கை தவறியதற்கு "கை", நேரம் போதாமல் விட்டதற்கு "நே". கடைசியில் நான்கையும் தனித்தனியே கூட்டினால் எந்தக் குறியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு அரை நாள் போகும். தேர்வுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றாலும் அந்த அரை நாளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

குறி: "எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" ("தெ" மிகுதியாக இருக்கிறது)

*முதலில் பார்க்க வேண்டியது: பாடங்களுக்குரிய எடை.* இயற்பியலுக்கான முதல் தாள் 150 மதிப்பெண் கொண்டது. அதில் இயக்கவியலுக்கு ஏறத்தாழ 63, மின்னியலுக்கும் காந்தவியலுக்கும் சேர்த்து 55, டாப்ளர் விளைவு இடம்பெறும் அலைப் பகுதிக்கு 17, ஒளிமின் விளைவுக்கும் நிறமாலைக்கும் 15 எனப் பிரிகிறது. இதைப் பார்த்ததும் பெரிய பகுதியான இயக்கவியலில் இறங்கவே மனம் போகும். நாள் குறைவாக இருப்பவர் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. டாப்ளரும் ஒளிமின் விளைவும் சேர்ந்து 32 மதிப்பெண். இரண்டிலும் சூத்திரங்கள் சில, வரையறைகள் சில, கேள்விகளின் அமைப்பும் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை. இவற்றை முதலில் கைப்பற்றிவிட்டு, பிறகு இயக்கவியலில் உந்தம், வேலை–ஆற்றல் தேற்றம், செங்குத்தாக எறியப்பட்ட பொருள் என்ற வரிசையில் போகலாம்.

டாப்ளர் கணக்கில் ஒரே ஓர் இடத்தில்தான் வழக்கமாகப் பிழை வரும். ஒலி 340 மீட்டர்/வினாடி வேகத்தில் செல்கிறது. 400 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் வண்டி, நின்றுகொண்டிருக்கும் ஒருவரை நோக்கி 20 மீட்டர்/வினாடி வேகத்தில் வருகிறது. 340ஐ 320ஆல் வகுத்து 400ஆல் பெருக்கினால் 425 ஹெர்ட்ஸ் வரும். அடியில் 360 எழுதியவருக்கு 377.78 வரும். நெருங்கி வரும் வண்டியின் ஒலி 400க்கு மேல்தான் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால், கூட்டலா கழித்தலா என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

*அதுவும் போதவில்லையென்றால்: கணிதத்தில் இருக்கும் குறை.* சூத்திரத்தை மாற்றியமைத்து ஒரு மாறியைத் தனியே எடுக்கத் தெரியாத மாணவர் இயற்பியல் தெரியவில்லை என்றே சொல்வார். சோதிப்பது எளிது: இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தைக் கொடுத்து வேகத்தைத் தனியே எடுக்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியவில்லையென்றால் குறை அங்கேதான் இருக்கிறது. அன்று மாலை முழுவதையும் அதற்கே கொடுப்பது வீணாகாது.

*ஆளை அழைக்க வேண்டிய கட்டம்.* ஒரே வகைக் கேள்வியை மெமோ பார்த்துப் புரிந்துகொண்டு, மறுநாள் வேறு ஆண்டின் தாளில் எழுதிப் பார்த்தும் தவறினால், அதைத் தனியே உட்கார்ந்து தீர்க்க முயல்வதில் பயனில்லை. முதலில் பள்ளி ஆசிரியரிடமே போக வேண்டும். அவர் காசு கேட்கப் போவதில்லை. தேர்வுக் காலத்தில் பல பள்ளிகள் சனிக்கிழமை வகுப்புகளும் நடத்துகின்றன. டியூஷன் ஆசிரியரிடம் போவதென்றால், "மெக்கானிக்ஸ் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்காமல், தவறிய மூன்று நான்கு கேள்விகளை விடையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசி வாரத்தில் பெரிய கூட்டத்துக்கு நடத்தப்படும் விரைவு வகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே ஆசிரியர் கணக்குப் போடுவார், மாணவர் அதைப் பார்த்து எழுதுவார், வீட்டுக்கு வந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றும்.

குறி: "படித்தேன், புரிந்தது, ஆனால் தாளில் வரவில்லை"

நான் மிகுதியாகக் காண்பது இந்தக் குறியைத்தான். மாணவர் நாள் முழுவதும் மேசையில் இருந்திருப்பார், குறிப்பேட்டில் மஞ்சள் மையால் கோடிட்டிருப்பார், பெற்றோருக்கும் குறை சொல்ல வாய் வராது.

*எளிய காரணம்: கேள்வியையும் மெமோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது.* விடையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும்போது எந்தக் கணக்கும் எளிதாகத்தான் தெரியும். மெமோவை உறையில் போட்டு ஒட்டி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எழுதி முடித்த பிறகே திரும்ப வாங்க வேண்டும். தாத்தாவோ பாட்டியோ இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார்கள்.

*அடுத்த காரணம்: திரும்பத் திரும்ப வாசிப்பதையே படிப்பு என்று எண்ணுவது.* ஒரு பகுதியை ஒருமுறை வாசித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டவற்றை மட்டும் வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அன்று இரவும் மறுநாள் காலையும் அந்த வேறு நிறத்தில் உள்ளதை மட்டும் பார்த்தால் போதும். முதல் முறை பக்கத்தில் பாதிக்கு மேல் வேறு நிறமாக இருக்கும். அதைக் கண்டு பழைய முறைக்கே ஓடிவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாம் முறைக்குள் அது குறைவதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வருகிறது.

*ஒரே பாடத்தை நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருப்பதும்* இதே குறியை உண்டாக்கும். உந்தக் கணக்குகள் பத்தை வரிசையாகப் போடுகிறவருக்கு அடுத்ததும் உந்தம்தான் என்று முன்பே தெரியும். தேர்வுத் தாளில் அப்படி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து கேள்விகளைக் கலந்து எழுத வேண்டும்.

குறி: "சூத்திரம் சரி, விடை தவறு" ("கை" மிகுதியாக இருக்கிறது)

இந்தக் குறி உள்ளவர் மகிழ்ச்சி அடையலாம், ஏனென்றால் மிகக் குறைந்த நாளில் மிக அதிக மதிப்பெண் மீளும் இடம் இதுதான்.

*முதல் சோதனை அரை நிமிடம் பிடிக்கும்.* கால்குலேட்டரில் சைன் 30 போட்டுப் பார்க்கவும். 0.5 வந்தால் அது டிகிரியில் இருக்கிறது. மைனஸ் 0.988 வந்தால் ரேடியனிலும், 0.454 வந்தால் கிரேடியனிலும் இருக்கிறது. சாய்தளக் கணக்குகள் மட்டும் ஒட்டுமொத்தமாகத் தவறியிருந்தால் வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய கேசியோவைத் தேர்வு நாளன்று கடன் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை.

*இரண்டாவது, திசைக் குறி.* 0.2 கிலோகிராம் பந்து 15 மீட்டர்/வினாடி வேகத்தில் சுவரில் மோதி, 10 மீட்டர்/வினாடி வேகத்தில் திரும்புகிறது. உந்த மாற்றம் என்ன? சுவரை நோக்கிய திசையை நேர்மறையாகக் கொண்டால், இறுதி வேகம் மைனஸ் 10; ஆகவே மைனஸ் 10லிருந்து 15ஐக் கழித்து 0.2ஆல் பெருக்க, மைனஸ் 5 கிலோகிராம் மீட்டர்/வினாடி கிடைக்கும். பத்திலிருந்து பதினைந்தைக் கழித்து மைனஸ் 1 என்று எழுதியவர், பந்து சுவரைத் துளைத்து அப்பால் போனது என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கணக்கின் தலையிலும் எந்தத் திசை நேர்மறை என்று அம்புக்குறியோடு ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிழை நின்றுவிடும்.

*மூன்றாவது, அலகு.* தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) கணக்கில் 25 கன சென்டிமீட்டர் என்பது 0.025 கன டெசிமீட்டர், அதை 0.25 என்று எழுதுவது வேதியியலுக்கான இரண்டாம் தாளில் அடிக்கடி நிகழ்கிறது. கேள்வியை வாசிக்கும்போதே எண்களுக்கு மேலே மாற்றிய அலகைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். இடையில் எண்களைச் சுருக்காமல் கால்குலேட்டரிலேயே வைத்திருந்து, இறுதி விடையை மட்டும் குறைந்தது இரண்டு தசம இடங்களுக்கு எழுத வேண்டும். தாளின் முகப்பில் உள்ள அறிவுரையும் அதையே சொல்கிறது. ஈர்ப்பு முடுக்கத்துக்கு டேட்டா ஷீட்டில் (வினாத்தாளோடு தரப்படும் மாறிலி, சூத்திரப் பட்டியல்) 9.8 என்று அச்சிட்டிருக்க 10 போட வேண்டாம்.

*நான்காவது, ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது ஒரு பொருளின் மீது செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் படம்.* விசையையும் அதன் கூறுகளையும் ஒரே படத்தில் வரைவது, அம்புகளைப் புள்ளியில் தொடாமல் விடுவது, பெயர் எழுதாமல் விடுவது, இல்லாத விசை ஒன்றைச் சேர்ப்பது ஆகிய நான்கும் மதிப்பெண்ணைத் தின்னும். கூடுதலாக வரைந்த விசைக்கும் கழிப்பார்கள் என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று எதையும் வரையக் கூடாது.

இந்தக் குறிக்கு ஆளை அழைக்க வேண்டியதில்லை. எண்களை வரிசை மாற்றி எழுதுவதும் வரிகளைத் தாண்டி வாசிப்பதும் சிறு வயதிலிருந்தே இருந்து வந்தால் மட்டும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதிலும் குறை இல்லையென்றால் பள்ளியில் சொல்ல வேண்டும். வாசிப்புச் சிரமம் உறுதியானவர்களுக்குக் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. ஆனால் அதற்குப் பள்ளி மூலமாக வெகு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டால் கிடைக்காது.

குறி: "வரையறை எழுதினேன், மதிப்பெண் போடவில்லை"

காரணம் ஒன்றே: சொந்த நடையில் எழுதுவது. வேறு பாடங்களில் பாராட்டப்படும் இந்தப் பழக்கம் இங்கே உதவாது. துறை வெளியிட்டிருக்கும் தேர்வு வழிகாட்டியில் வரையறைகள் எப்படி அச்சிடப்பட்டிருக்கின்றனவோ அப்படியே எழுதப் பழக வேண்டும். நியூட்டனின் இரண்டாம் விதியிலும் வேலை–ஆற்றல் தேற்றத்திலும் "நெட்" (நிகர) என்ற ஒரு சொல் விடுபட்டாலே மதிப்பெண் குறையும். வழிகாட்டியிலிருந்து வரையறைகளைச் சிறு அட்டைகளில் எழுதி, டாக்ஸியிலோ பேருந்திலோ போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

குறி: "கடைசிக் கேள்விகளுக்கு நேரமே இல்லை" ("நே" மிகுதியாக இருக்கிறது)

180 நிமிடத்தில் 150 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம். முதல் கேள்வி, இரண்டிரண்டு மதிப்பெண் கொண்ட பத்துப் பல்தேர்வு வினாக்கள். அதற்கு 24 நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. எழுதிப் பார்த்த தாளில் ஒவ்வொரு கேள்வியும் முடிந்த நேரத்தை ஓரத்தில் குறித்திருந்தால் எங்கே சிக்கிக்கொண்டார் என்பது தெரியும். பெரும்பாலும் பல்தேர்விலோ, வராத ஒரே ஓர் இயக்கவியல் கணக்கிலோதான் அது இருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் புதிய பக்கத்தில் தொடங்கச் சொல்லியிருப்பதால், பாதியில் விட்டுப் போய்த் திரும்பி வருவது எளிது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியின் முதல் பகுதியில் கிடைத்த விடை தவறாக இருந்தாலும், அதை வைத்து அடுத்த பகுதியைச் சரியாகச் செய்திருந்தால், மெமோ இடம் தருகிற கேள்விகளில் அடுத்த பகுதிக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே முதல் பகுதி வரவில்லை என்பதற்காக முழுக் கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. பொருத்தமான ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். டேட்டா ஷீட்டில் உள்ள சூத்திரத்தை உள்ளபடியே முதலில் எழுதி, அதில் எண்களை இட்டு, அதன் பிறகே மாற்றியமைக்க வேண்டும். சூத்திரத்துக்கும் இட்டதற்கும் தனித்தனியே மதிப்பெண் இருக்கிறது.

குறி: முதல் தாள் பரவாயில்லை, இரண்டாம் தாளில் விழுகிறது

கரிமச் சேர்மங்களின் பெயரிடலைத் தினமும் கால் மணி நேரம் எழுதிப் பழகினால் போதும். வேதிச் சமநிலையில் விழுகிறவர் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: ரைஸ் டேபிளில் (தொடக்க அளவு, மாற்றம், சமநிலை அளவு ஆகியவற்றை எழுதும் அட்டவணை) மோல்களைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, கொள்கலனின் கன அளவால் வகுக்காமல் அப்படியே சமநிலை மாறிலியில் போட்டிருக்கிறாரா என்பதை. திண்மத்தையும் தூய திரவத்தையும் அந்தக் கோவையில் சேர்த்திருக்கிறாரா என்பதையும் கூடவே பார்க்கலாம். மின்வேதியியலுக்கான மின்முனை அழுத்த அட்டவணையைத் தேர்விலேயே தருகிறார்கள். அதை மனப்பாடம் செய்கிறவர் நேரத்தை வீணடிக்கிறார்.

குறி: உட்கார்ந்தால் ஓடவில்லை, தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது

*முதலில் பார்க்க வேண்டியது தூக்கம்.* இரவு இரண்டு மணி வரை எனர்ஜி டிரிங்க் குடித்துப் படிக்கிறவர் பகலில் எழுதிப் பார்க்கும் தாளில் "கை" மிகுதியாக இருக்கும். இரண்டு இரவு சரியாகத் தூங்கவிட்டு மீண்டும் எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

*அடுத்தது வீட்டின் ஓசை.* ட்ரயல் தேர்வு நாட்களில் புரட்டாசி வந்துவிடும், கோயிலும் பூசையுமாக வீடு நிறைந்திருக்கும். தீபாவளியோ அக்டோபர், நவம்பர் மாதங்களில் இறுதித் தேர்வு அட்டவணையின் நடுவில் வந்து விழும். பண்டிகையை விடச் சொல்லவில்லை. பலகாரம் சுடும் வேலையிலிருந்தும் விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கும் வேலையிலிருந்தும் மெட்ரிக் எழுதும் பெண்பிள்ளைகளை விடுவிக்கச் சொல்கிறேன். ஆண்பிள்ளைகள் தாமாகவே விடுபட்டுக்கொள்கிறார்கள்.

*தாளைப் பார்த்ததும் மறப்பது* பழக்கமின்மையால் வருவதாக இருக்கலாம். எழுதிப் பார்க்கும் தாள்களை அறையின் மூலையில் அல்லாமல் நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ, தேர்வு தொடங்கும் அதே நேரத்தில் எழுதினால் பதற்றம் குறைகிறது. தேர்வில் முதல் கேள்வி வரவில்லையென்றால் டாப்ளர் கேள்விக்குத் தாவி அதை முடித்துவிட்டுத் திரும்பலாம்.

*ஆளை அழைக்க வேண்டிய கட்டம்.* நெஞ்சு படபடப்பு, வாந்தி, நாள்கணக்கில் உணவு இறங்காமை, அழுகை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் படிப்பை அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரையோ பள்ளி ஆலோசகரையோ அன்றே பார்க்க வேண்டும். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகள் சைல்ட்லைனின் 116 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். சயின்ஸ் தேர்வை வேறொரு நாளும் எழுதிக்கொள்ளலாம்.

குறி: முதல் தாள் கெட்டுவிட்டது, இரண்டாம் தாளுக்குப் படிக்க மனம் வரவில்லை

இரண்டு தாள்களுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு வார இறுதிதான் இருக்கும். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் விடைகளை ஒப்பிடத் தொடங்குகிறவர் அந்த வார இறுதியை இழக்கிறார். குழுவை இரண்டாம் தாள் முடியும்வரை மூடிவைப்பதே முதல் சிகிச்சை. கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்: இறுதி மதிப்பெண்ணில் 25 விழுக்காடு ஆண்டு முழுவதும் பள்ளியில் பெற்றது, எஞ்சிய 75 விழுக்காடு இரண்டு தாள்களும் சேர்ந்த 300 மதிப்பெண்ணிலிருந்து வருவது. முதல் தாளில் எதிர்பார்த்ததைவிட இருபது மதிப்பெண் குறைந்தால் இறுதியில் குறைவது ஐந்து விழுக்காடு.

முடிவு வந்த பிறகும் மதிப்பெண் பொருந்தவில்லை என்று தோன்றினால் மறுகூட்டலுக்கோ மறுதிருத்தத்துக்கோ விண்ணப்பிக்கலாம். விடைத்தாளைப் பார்க்கவும் வழி உண்டு. இவற்றுக்குக் கெடுநாள் குறுகியது, கட்டணமும் உண்டு என்பதால் முடிவு வந்த வாரத்திலேயே பள்ளியில் கேட்டுவிட வேண்டும். பல்கலைக்கழகம் கேட்கும் அளவுக்குச் சில விழுக்காடுகளே குறைந்திருந்தால், மே, ஜூன் மாதங்களில் நடக்கும் தேர்வில் இந்த ஒரு பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம். அதற்குப் பதிவு செய்தவர் மேலே சொன்ன நான்கெழுத்துச் சோதனையைத் தேர்வுக்கு முந்தின வாரம் வரை தள்ளிப்போடாமல் பதிவு செய்த மாதத்திலேயே தொடங்கலாம்.